திருகினால் திருச்சி! வீட்டுக்கு ஒரு மேஜை ரேடியோ

மயிலாடுதுறையில் ஓர் ஓட்டு வீட்டுக் கூடம். இரவு எட்டு மணி. சாப்பாட்டு மேஜையிலிருந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு நான்கு ரேடியோ பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறார் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இடது ஓரத்தில் பளபளப்பான மரக்கூட்டுக்குள் மர்ஃபி வால்வு பெட்டி. அடுத்தது எண்பதுகளில் வந்த பிலிப்ஸ். மூன்றாவது புதிது, வெளியே பழைய பாணி, உள்ளே ஒரே ஒரு சிப். நான்காவது, ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேமித்து வைத்திருக்கும் பாட்டுப்பெட்டி.

எல்லாவற்றிலும் திருச்சி நிலையத்தை வைத்துப் பார்ப்பது அன்றைய திட்டம். மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். மர்ஃபியின் விளக்கு எரிந்து, வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆயிற்று. பிறகு ஒரு நாகஸ்வரம் அடித்தொண்டையிலிருந்து எழுவது போல் வந்தது. கூடவே ஓர் இரைச்சல். பிலிப்ஸிலும் அதே இரைச்சல். புதுப் பெட்டியில் இரைச்சல் மட்டும்தான், நாகஸ்வரத்தையே காணோம்.

"ஏம்மா, சமையக்கட்டு லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடேன்" என்று உள்ளே குரல் கொடுத்தார். எல்.இ.டி. விளக்கு அணைந்தது. கைபேசி சார்ஜரையும் பிடுங்கினார். இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கி, தவில்காரர் விரல் வைக்கும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. "பாத்தீங்களா தம்பி, பெட்டியில கோளாறே இல்ல. வீட்டுலதான் இருக்கு."

பாட்டுப்பெட்டியில் 936-ஐத் தேடவே முடியவில்லை. அதில் பண்பலை உண்டு. மத்திய அலை இல்லை.

இந்தக் கட்டுரையின் கவலையும் அதுதான். மேஜை ரேடியோவின் மேல் மறுபடி ஆசை வந்திருக்கிறது. அப்பா வைத்திருந்த பெட்டியைப் பரணிலிருந்து இறக்குகிறார்கள், புதிதாக வாங்கி அம்மாவுக்குப் பரிசளிக்கிறார்கள். ஆனால் எதை வாங்குகிறோம், அது எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று பார்த்து வாங்குபவர்கள் குறைவு.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

மத்திய அலை ஏ.எம். முறையில் வருகிறது. அலையின் உயரம் கூடிக் குறைவதுதான் அதில் ஒலி. மின்னலும் சுவிட்ச் பொறியும் அந்த உயரத்தில்தான் கை வைக்கின்றன; பெட்டியால் பாட்டையும் பொறியையும் பிரித்தறிய முடியாது. பண்பலையில் உயரம் மாறாது, அதிர்வெண் மாறும். உயரத்தில் விழும் குப்பையைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்து 1933-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். உரிமைக்காகப் பெரிய நிறுவனங்களோடு வழக்காடியே நொடிந்துபோய் 1954-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசி வழக்கை அவர் மனைவி மரியன் வென்றபோது ஆண்டு 1967.

பண்பலை தெளிவானது, ஆனால் கண்ணுக்கெட்டும் தூரத்தைத் தாண்டி அதிகம் போகாது. மத்திய அலை தரையை ஒட்டியே ஓடும். இரவில் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். பகலில் அந்த மண்டலத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடுவதால் தூரத்து நிலையங்கள் கேட்பதில்லை. பொழுது சாய்ந்தபின் மயிலாடுதுறை மேஜையில் முள்ளை மெல்ல நகர்த்தினால் பெங்களூருவின் 612, திருச்சூரின் 630, பிறகு சென்னையின் 720 என்று கன்னடமும் மலையாளமும் தமிழும் அடுத்தடுத்து வந்து போகும். ஒரு குரல் மங்கி, இன்னொரு குரல் எழுந்து, மறுபடி முதல் குரல் திரும்பும். ராத்திரி ரேடியோ கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தொந்தரவே அல்ல. தூரத்தைக் காதால் உணரும் சுகம் அது.

அந்தச் சுகத்துக்கு இன்றைய எதிரி மின்னலைவிட நம் வீட்டுச் சாதனங்கள்தான். மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி வேலை செய்பவை. வெட்டும் ஒவ்வொரு முறையும் மத்திய அலையில் சத்தம் கிளம்புகிறது. குண்டு பல்பு எரிந்த காலத்தில் இந்தச் சத்தம் இல்லை.

▪ பெட்டிச் செய்தி: சென்னையிலிருந்து தொடங்கிய கதை

சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அதே பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் திறக்கப்பட்டன. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. கல்லூரி வளாகச் சமுதாய வானொலியிலும் சென்னையே முதல்: அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., 2004 பிப்ரவரி 1.

நான்கு பெட்டி, நான்கு குணம்

மயிலாடுதுறை மேஜைக்குத் திரும்புவோம். அங்கே கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

மனிதக் குரலுக்கு மர்ஃபியை அடிக்க ஆளில்லை. பெரிய மரக்கூடு, அகலமான ஸ்பீக்கர், வால்வின் இயல்பான மென்மை. செய்தி வாசிப்பவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலிருக்கிறது. சரோஜ் நாராயண்சுவாமி டெல்லியிலிருந்து காலை 7.15 செய்தி வாசித்த காலத்தில் தெருவில் நடந்தபடியே முழுச் செய்தியையும் கேட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு இப்படியொரு பெட்டி பேசியதால் வந்த வசதி அது. அந்நாளில் கோவையில் ஜி.டி. நாயுடுவின் யு.எம்.எஸ். பெயரிலும் ரேடியோக்கள் தயாராயின. அப்போது ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் தேவைப்பட்டது; ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி முத்திரை வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் அன்றாடம் கேட்க வால்வு பெட்டி வாங்காதீர்கள். பண்பலை இல்லாத, மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உள்ள பெட்டிகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கும் மேல் ஓடும். டிரான்ஸ்பார்மர் இல்லாத மாடல்களில் உலோகத் தளத்திலேயே மின்சாரம் இருக்கும்; திருகின் மூடி கழன்றிருந்தால் விரல் பட்டாலே அடிக்கும். பல வருடம் பரணில் கிடந்ததை நேரே ப்ளக்கில் சொருகுவது ஆபத்து. காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றியபின்தான் உயிர் கொடுக்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் இருந்தால் மட்டும் இந்த ஆசையில் இறங்குங்கள்.

அன்றைய மேஜையில் என் ஓட்டு பிலிப்ஸுக்கு. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் மேஜை ரேடியோக்களின் பலம் உள்ளே படுத்திருக்கும் கருப்பு ஃபெரைட் குச்சியில் இருக்கிறது. மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். குச்சி நீளமானால் பிடிப்பும் கூடும். ஸ்பீக்கரும் நாலைந்து அங்குலம். முள்ளை நகர்த்தினால் நிலையம் ஓரத்திலிருந்து மெல்ல நுழைந்து, நடுவில் நிறைந்து, மறு ஓரத்தில் கரையும். எங்கே நிறுத்த வேண்டுமென்று காதே சொல்லிவிடும். பழசுக்கு உரிய நோய்கள் உண்டு: வால்யூமைத் திருகினால் கரகரப்பு, டயல் நூல் தளர்ந்து முள் நகராமை, பேட்டரிக் கட்டை கசிந்து கம்பி அரித்திருப்பது. மூன்றும் குணப்படுத்தக்கூடியவை. சென்னை ரிச்சி தெருவிலும், ஊர்ப்பக்கம் இன்னும் கடை வைத்திருக்கும் சில மெக்கானிக்குகளிடமும் வேலைக்கு வழி இருக்கிறது. புதிதாகவே வேண்டுமென்றால், மத்திய அலையும் பண்பலையும் சேர்ந்த சாதாரண மேஜை ரேடியோக்களைச் சோனி, பானசோனிக், பிலிப்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயரில் தேடிப் பார்க்கலாம்.

மூன்றாவதாக இருந்த சிப் பெட்டி பண்பலையில் அசத்தியது. சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் காரைக்கால் 100.3-ஐ மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாகத் தந்தது. பக்கத்து நிலையம் ஊடுருவவே இல்லை. மத்திய அலையில் கதை வேறு. இத்தகைய சிப்புகள் பல, குறுகலான ஒலிப்பட்டையை மட்டும் உள்ளே விடுகின்றன; குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல் மொத்தையாகிறது. பலவீனமான நிலையங்களை அமுக்கிவிடுவதும் உண்டு. முள் நகரும்போது ஒலி தொடர்ந்து வராமல் தாவித் தாவி வருகிறது. பண்பலை மட்டும் கேட்பவருக்கு இது நல்ல பெட்டி. இரவில் தூரத்து ஊர்களைத் தேடுபவருக்கு ஏமாற்றம்.

பாட்டுப்பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கண் மங்கிய பெரியவர்களுக்கு ஒரே பொத்தானில் டி.எம்.எஸ்ஸும் பி. சுசீலாவும் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் ரேடியோவின் இடத்தை அது நிரப்பாது. அதிலிருக்கும் பாட்டுகள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. இப்போது உங்கள் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று அது தானாகச் சொல்லாது.

விலை உயர்ந்த மேஜை ரேடியோக்களும் உண்டு. அமெரிக்க ஒலி வடிவமைப்பாளர் ஹென்றி குளோஸ் உருவாக்கி 2000-ல் வந்த டிவோலி மாடல் ஒன் அவற்றில் புகழ்பெற்றது. ஒரே ஒரு மூன்றங்குல ஸ்பீக்கர். திருகை ஐந்து சுற்று சுற்றினால்தான் முள் ஒரு சுற்று போகும். அந்த நிதானம்தான் நிலையத்தை நூலிழை பிசகாமல் வைக்க உதவுகிறது.

வெளிநாட்டுப் பெட்டியா? எண்ணைப் பாருங்கள்

நியூஜெர்சியிலிருந்து மகள் ஆசையாக வாங்கி வந்த டிஜிட்டல் ரேடியோ இங்கே சரியாகப் பேசாது என்றால் பலரும் நம்புவதில்லை. காரணம் எளிது. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, நமக்கு 9. அந்தப் பெட்டி 930-லும் 940-லும் நிற்கும், திருச்சியின் 936-ல் நிற்காது. சென்னையின் 720 மட்டும் இரண்டு கணக்கிலும் வருவதால் தப்பிக்கும். கோவையின் 999-ம் மதுரையின் 1269-ம் ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஓரளவு கேட்கும்.

பண்பலையிலும் இதே சிக்கல். அமெரிக்கப் பெட்டிகள் பெரும்பாலும் 100.1, 100.3, 100.5 என்று ஒற்றைப்படைத் தசமங்களில்தான் நிற்கும். கொடைக்கானலின் கோடைப் பண்பலை 100.5 கிடைத்துவிடும். சென்னை ரெயின்போவின் 101.4-ம், அண்ணா எஃப்.எம்., பாம்பன் மீனவர்களின் கடல் ஓசை இரண்டுக்கும் உரிய 90.4-ம் கிடைக்காது. ஜப்பானுக்கென்று செய்த பழைய பெட்டிகளின் பண்பலை 76-ல் தொடங்கி 90-லேயே முடிந்துவிடும். ஐம்பதுகளின் ஜெர்மன் மரப்பெட்டிகள் பல 100 மெகாஹெர்ட்ஸோடு நிற்பவை, கோடை 100.5 வேலிக்கு வெளியே போய்விடும்.

முள் வைத்த அனலாக் பெட்டிக்கு இந்த 9, 10 வழக்கே கிடையாது. டிஜிட்டல்தான் வேண்டுமென்றால், 9 என்றும் 10 என்றும் மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மின்சாரம் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

▪ பெட்டிச் செய்தி: வாங்கும் முன், வாங்கிய பின்

கடையில் பண்பலையைப் போட்டுக்காட்டுவார்கள்; அதில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் பேசும். மத்திய அலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பாட்டைவிடப் பேச்சை வைத்துச் சோதியுங்கள். ஒலியைக் குறைத்தபோதும் சொல் புரிகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் பெட்டியை ஜன்னலோரம் வையுங்கள். மத்திய அலைக்குப் பெட்டியையே மெல்லச் சுழற்றுங்கள்; ஃபெரைட் குச்சியின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி விழும், குச்சியின் பக்கவாட்டுப் பகுதி நோக்கினால் எழும். இரைச்சல் வரும் திசைக்கு முனையைக் காட்டி அதை அமுக்கவும் இதே வித்தை உதவும். பண்பலைக்குக் குச்சி ஏரியலை முழுதும் இழுங்கள். சுமார் 75 செ.மீ. நீளம் போதும். கரண்டில் இரைச்சல் அதிகமென்றால் பேட்டரிக் கட்டையில் போட்டுப் பாருங்கள்.

காரைக்கால் 100.3-ம் கோடை 100.5-ம் இரண்டும் எட்டும் ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். அவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் தரும் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ரேடியோ நெல் விளைந்த மண்

இவ்வளவு சிரமப்பட்டு மத்திய அலையை ஏன் கேட்க வேண்டும், பண்பலை போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் காவிரிப் படுகையிலேயே இருக்கிறது.

அறுபதுகளில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதன் விதை, நடவு, உரம் பற்றி நாள்தோறும் பேசியது. தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". ஒரு ஒலிபரப்பி, ஒரு மாவட்டமே பயிரிடும் முறையை மாற்றியது. அந்தக் குரல் வயலோரத்து டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது மத்திய அலையின் நீண்ட கையால்.

அந்தக் கை இப்போது குறுகி வருகிறது. நாட்டின் பல இடங்களில் பழைய மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டு, கவனம் பண்பலைக்குப் போய்விட்டது. சிற்றலையின் நிலை இன்னும் மோசம். 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஓடு நின்றது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் கேட்க மாலையில் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பிய பழக்கம் ஒரு தலைமுறையோடு முடிந்துவிட்டது.

பண்பலை பெருகட்டும், வரவேற்போம். ஆனால் ஒரு பண்பலைக் கோபுரம் சில பத்து கிலோமீட்டருக்குத்தான் பேசும். கோடைப் பண்பலை தென்மாவட்டங்கள் முழுக்கக் கேட்பதற்குக் காரணம் மலை உச்சி; டெல்டாவில் அப்படி ஒரு மலைக்கு எங்கே போவது? தனியார் பண்பலைகளோ சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லாதவை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆக, கிராமத்துக்குள் ரேடியோ வழியாகச் செய்தி வருவது அரசு வானொலியின் வீச்சைப் பொறுத்தே இருக்கிறது.

மாற்று வழியாகச் சொல்லப்படும் டி.ஆர்.எம். டிஜிட்டல் முறை நல்ல தொழில்நுட்பம்தான். மத்திய அலையிலேயே பண்பலைக்கு நிகரான தெளிவு வரும், ஒரே ஒலிபரப்பியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் போகும். அரசு ஒலிபரப்பிகள் பல அதற்கென்று புதுப்பிக்கப்பட்டன; சில கார்களில் அதைக் கேட்கும் வசதியும் வந்தது. ஆனால் வீட்டு மேஜையில் வைக்க, விவசாயக் கூலி வாங்கக்கூடிய விலையில் டி.ஆர்.எம். பெட்டி கடைக்கு வரவில்லை. பெட்டி வராமல் ஒலிபரப்பு மட்டும் வந்து என்ன பயன்?

புயல் இரவில்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது கைபேசிக் கோபுரங்கள் அடங்கின. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் நாகை, திருவாரூர், புதுக்கோட்டைக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் போனால் தொலைக்காட்சி போகிறது. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் கைபேசி போகிறது. பேட்டரியில் ஓடும் ரேடியோ மட்டும் எங்கோ தூரத்தில் ஒரு ஒலிபரப்பி நின்றால் போதும், பேசும். புயல் எச்சரிக்கைக் கையேடுகள் டார்ச் லைட்டோடு ரேடியோவையும் எடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

புயல் தாக்கும் மாவட்டத்துக்குள்ளேயே உள்ள பண்பலைக் கோபுரமும் சேர்ந்து விழலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மத்திய அலை ஒலிபரப்பி அப்போது கைகொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் காப்பாற்ற வேண்டும் என்பேன். கைபேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. நல்ல அறிவுரை, ஆனால் சார்ஜ் தீர்ந்த கைபேசியில் எஃப்.எம்.மும் கிடையாது.

இனி

மயிலாடுதுறைக்காரரிடம் கிளம்பும்போது கேட்டேன், நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது? யோசிக்கவே இல்லை. "பிலிப்ஸ்தான் தம்பி. கரண்ட்லயும் ஓடும், கட்டையிலயும் ஓடும். திருச்சியும் வரும், காரைக்காலும் வரும். வேற என்ன வேணும்?"

என் தீர்ப்பும் அதுவே. மத்திய அலை, பண்பலை இரண்டும், கரண்டிலும் பேட்டரியிலும் ஓடும் வசதி, நான்கு அங்குலத்துக்குக் குறையாத ஸ்பீக்கர், முள் வைத்த டயல். இவை நான்கும் இருந்தால் போதும். வாங்குங்கள் அல்லது பரணில் இருப்பதைச் சரி செய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். ஐப்பசிக்கு முன் புதிய பேட்டரி வாங்கி, பெட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசியும்.

அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதிக்கும் ஒரு கோரிக்கை. எளியவர் வாங்கக்கூடிய டிஜிட்டல் பெட்டி சந்தைக்கு வரும்வரை, தமிழ்நாட்டின் மத்திய அலை ஒலிபரப்பிகளில் எதையும் அணைக்காதீர்கள். நேயர்கள் வெறும் கேட்போராக இருந்தால் போதாது. உங்கள் பெட்டியில் எந்த நிலையம் எத்தனை மணிக்கு எப்படிக் கேட்கிறது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புங்கள். மத்திய அலையில் கேட்க ஆள் இருக்கிறது என்பதற்கு அந்தக் கடிதம்தான் அத்தாட்சி.